கொரிய அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை: ரெக்ரூட்டர் வழியாகப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் வளர்ந்தேன். பல்கலைக்கழகம் முடித்த கையோடு தென்கொரியாவின் வட கியோங்சாங் மாகாணத்துக்குப் போய், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டு வருடம் ஆங்கிலம் கற்பித்தேன். போனது ஒரு ரெக்ரூட்டர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் முகவர் வழியாக. திரும்பி வந்த நாளிலிருந்து மாமி மகள், கோயிலில் பார்ப்பவர்கள், அம்மாவின் சிநேகிதிகளுடைய பிள்ளைகள், சென்னையிலும் கொழும்பிலும் இருக்கும் முன்பின் தெரியாதவர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, ஆகவே எழுதிவைக்கிறேன்.

எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும்?

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழில் ஒன்று. மொழி கற்பிக்க வருபவர்களுக்குக் கொரியா தருவது இ-2 விசா. ஆங்கிலத்துக்கு அது இந்த ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சிங்கப்பூரில் பிறந்து வீட்டிலும் ஆங்கிலமே பேசி வளர்ந்தவருக்கும் இது கிடையாது, மலேசியருக்கும் கிடையாது. கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது, குடியுரிமை வேண்டும்.

அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டம் இதற்கு மேலும் ஒன்று கேட்கும். ஏழாம் வகுப்பு முதல் அந்த நாடுகளில் ஒன்றில் படித்திருக்க வேண்டும், 10 வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். பதினேழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, டொரொன்டோவில் பட்டம் எடுத்து, கனடியக் குடியுரிமையும் வாங்கிய என் உறவுக்காரப் பையன் ஒருவன் எல்லாப் பத்திரங்களையும் சேர்த்த பிறகுதான் இந்த வரியைப் படித்தான். கியூபெக்கில் படித்தவர்களும் தென்னாப்பிரிக்கர்களும் ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். டர்பனில் வளர்ந்த தமிழருக்கு அது பழைய பள்ளியில் ஒரு கடிதம் வாங்கும் வேலை. மொன்ட்றியலில் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வழியே இல்லையா?

ஒரு வழி இருக்கிறது, ஆனால் மிக ஒடுக்கமானது. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியக் குடிமக்கள் கொரியப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராக இருக்கலாம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆங்கிலத்தில் பி.எட். முடித்தவர்கள். இதற்கென்று இ-2-91 என்று தனி விசா வகையே உண்டு.

ஆனால் விசா வகை இருப்பது வேறு, உங்களை எடுக்க ஒரு பள்ளி முன்வருவது வேறு. இரண்டு வருடத்தில் நான் சந்தித்த ஆங்கில ஆசிரியர்களில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே இந்த ஒப்பந்தத்தைக் காட்டி "சீட் உறுதி, மூன்று லட்சம் கட்டு" என்று யாராவது சொன்னால், ஒப்பந்தம் உண்மை, சீட் பொய். பி.எட். இருந்தால் நீங்களே எபிக்குக்கு எழுதிக் கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

இலங்கையிலிருந்து?

இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்த வேலை இல்லை. கொரிய வேலை என்று இலங்கையில் எல்லோரும் பேசுவது இ.பி.எஸ். திட்டத்தை. அது தொழிற்சாலை, பண்ணை, மீன்பிடி வேலைகளுக்கு. கொரிய மொழித் தேர்வு எழுதி, அரசின் வேலைவாய்ப்புப் பணியகம் மூலம் போவது. விசாவும் வேறு, இ-9. இந்தியா அந்தத் திட்டத்திலேயே இல்லை, ஆகவே தமிழ்நாட்டில் அதை விற்பவர்களிடமிருந்து ஓடிவிடுங்கள்.

எபிக் என்றால் என்ன?

கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் பேசும் வெளிநாட்டு ஆசிரியர்களை எடுக்கும் தேசியத் திட்டம். 1995இல் தொடங்கியது, கல்வி அமைச்சின் கீழ் உள்ள ஒரு நிறுவனம் நடத்துகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது எபிக், வேலைக்கு வைத்துக்கொள்வது அந்தந்த மாகாணத்தின் அல்லது பெருநகரத்தின் கல்வி அலுவலகம், நீங்கள் காலையில் போய் உட்காருவது ஒரு பள்ளியில். இந்த மூன்று அடுக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும். சியோலைச் சுற்றியிருக்கும் கியோங்கி மாகாணம் கெபிக் என்ற பெயரில் நெடுங்காலம் தனியாகவே ஆள் எடுத்து வந்தது. பழைய பதிவுகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இதில் ரெக்ரூட்டர் எங்கே வருகிறார்?

வெளியே, வாசலில். மேலே சொன்ன மூன்று அடுக்கிலும் அவருக்கு இடமில்லை.

ரெக்ரூட்டர் உங்கள் விண்ணப்பத்தைப் படித்துப் பார்ப்பார், கட்டுரையில் எங்கே இழுக்கிறது என்று சொல்வார், மாதிரிப் பாடத்திட்டத்தைத் திருத்தச் சொல்வார், ஒரு பயிற்சி நேர்காணல் வைப்பார், எந்தப் பத்திரம் எங்கே முத்திரை வாங்க வேண்டும் என்று நினைவூட்டிக்கொண்டே இருப்பார். பிறகு எல்லாவற்றையும் கட்டி அனுப்புவார். இதெல்லாம் நல்ல உதவிதான். எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது. என் பட்டச் சான்றிதழின் நகலில் நோட்டரி தேதியே போடவில்லை என்பதைக் கண்டுபிடித்தது அவர்தான், நான் பார்க்கவில்லை.

ஆனால் அவரால் உங்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. நேர்காணல் செய்வது எபிக். ஊரைத் தருவது கல்வி அலுவலகம். பள்ளியை முடிவு செய்வதும் அவர்கள்தான். "புசானில் போட்டுத் தருகிறேன்" என்று ஒரு ரெக்ரூட்டர் அரசுப் பள்ளி வேலைக்குச் சொன்னால், தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்கிறார். தபால்காரரிடம் கடிதத்தைக் கொடுக்கலாம், பதிலை அவரே எழுத வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அவருக்கு எவ்வளவு கட்டணம்?

உங்களிடமிருந்து ஒரு சதம்கூட இல்லை. ஆள் கேட்கும் பக்கத்திலிருந்துதான் அவருக்குக் காசு போகிறது. பதிவுக் கட்டணம், "பத்திரச் செலவு", திருப்பித் தரும் வைப்புப் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நோட்டரி, பொலிஸ் அறிக்கை, அப்போஸ்டில் (பத்திரம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று முத்திரை), கூரியர், விசா ஆகியவற்றுக்கு உங்களுக்குச் செலவாகும், ஆனால் அவற்றை அந்தந்த அலுவலகத்தில் நீங்களே கட்டுவீர்கள்.

காசு யார் தருகிறார்களோ அவர்கள் பக்கம்தான் ஆள் சாய்வார். அது மனித இயல்பு, அதற்காக ரெக்ரூட்டரைத் திட்ட வேண்டியதில்லை. அவர் பேச்சைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நேரடியாக விண்ணப்பிப்பது நல்லதா, ரெக்ரூட்டர் மூலமா?

எபிக்குக்கு நீங்களே நேரடியாக அனுப்பலாம், அவர்கள் ஏற்றுக்கொண்ட முகவர்கள் வழியாகவும் அனுப்பலாம். தேர்வு முறை ஒன்றுதான், சம்பளமும் ஒன்றுதான்.

பத்திரங்களை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவர், கெடுவை மறக்காதவர், ஒரு மின்னஞ்சலுக்கு இரண்டு வாரம் பதில் வராவிட்டாலும் பதறாதவர் என்றால் நேரடியாகப் போங்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எனக்குப் பின்னால் நின்று விரட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

இதில் ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு பருவத்துக்கு ஒரு விண்ணப்பம்தான். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு ரெக்ரூட்டர்களிடம் கொடுத்தால், அல்லது ஒருவரிடம் கொடுத்துவிட்டு நேரடியாகவும் அனுப்பினால், ஒரே பெயர் இரண்டு முறை வந்ததாகப் பார்த்து இரண்டையும் தள்ளிவிடலாம். கல்யாணத் தரகர்கள் நாலு பேரிடம் ஒரே ஜாதகத்தைக் கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அது இங்கே உதவாது.

அப்படியென்றால் நல்ல ரெக்ரூட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் நான் பேசிய நிறுவனத்திடம் அரசுப் பள்ளி வேலைதான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். சரி சரி என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு அழைப்பு: "எபிக் இந்த முறை ஏறக்குறைய நிரம்பிவிட்டது, ஆனால் சியோலுக்குப் பக்கத்தில் அருமையான ஒரு இடம் இருக்கிறது, நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்." அந்த அருமையான இடம் ஒரு தனியார் டியூஷன் நிலையம். எபிக் விண்ணப்பம் அப்போது திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் மறுத்த பிறகு என் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வரவில்லை. ஒரு மாதம் வீணானது. அப்புறம்தான் வேறொருவரிடம் போனேன்.

தனியார் நிலையங்களுக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். எபிக்குக்கு வருடத்தில் இரண்டு முறைதான். ஆகவே சில ரெக்ரூட்டர்களுக்கு அரசுப் பள்ளி என்ற சொல் தூண்டில் புழு. முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: நீங்கள் எபிக்குடன் சேர்ந்து வேலை செய்யும் முகவரா? போன பருவத்தில் அனுப்பிய ஒருவரிடம் நான் பேசலாமா? இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை விட, அதற்கு முன்னால் வரும் மௌனத்தின் நீளம் நிறையச் சொல்லும்.

பாஸ்போர்ட் நகலும் பட்டச் சான்றிதழும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்பவரிடம் கொஞ்சம் பொறுங்கள். "என் அனுமதி இல்லாமல் எந்தப் பள்ளிக்கும் நிலையத்துக்கும் என் விவரங்களை அனுப்ப வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லிவைப்பதும் நல்லது.

தனியார் நிலையத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் என்ன வித்தியாசம்?

தனியார் நிலையத்தை அங்கே ஹாக்வொன் என்பார்கள். நம் ஊர் டியூஷன் சென்டர்தான், ஆனால் பல மாடிக் கட்டடம், மஞ்சள் வேன், பேருந்து நிறுத்தம்தோறும் விளம்பரம். பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவதால் வேலை பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் நடத்தக்கூடாது என்று விதியே போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் சில இடங்களில் அரசுப் பள்ளியை விடக் கூட. விடுமுறை குறைவு. எல்லாமே முதலாளியைப் பொறுத்தது. நல்ல ஹாக்வொனில் ஐந்தாறு வருடம் சந்தோஷமாக இருந்தவர்களையும் தெரியும், பதினோராம் மாதத்தில் அனுப்பப்பட்டவர்களையும் தெரியும். பதினோராம் மாதத்துக்குக் காரணம் உண்டு: ஒரு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

ஹாக்வொன் ஒப்பந்தம் யாராவது காட்டினால் ஒரு இடத்தை மட்டும் உடனே பாருங்கள். சம்பளத்தில் 3.3 சதவீதம் பிடிப்போம் என்று இருந்தால், உங்களை ஊழியராக இல்லாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டப் போகிறார்கள். ஓய்வூதியத்திலும் காப்புறுதியிலும் அவர்கள் கட்ட வேண்டிய பாதி அதில் காணாமல் போகும்.

அரசுப் பள்ளியில் காலை எட்டரை மணியளவில் தொடங்கி நாலரை அளவில் முடியும். வாரத்துக்கு 22 பாடவேளை. வருடத்துக்கு 26 வேலைநாள் சம்பளத்துடன் விடுப்பு. முதலாளி தலைமறைவாகிவிட்டார் என்ற கதை இங்கே கிடையாது.

என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?

எந்தப் பாடத்திலாவது இளநிலைப் பட்டம். நான் படித்தது உயிரியல், யாரும் கேட்கவில்லை. கல்வியியல் பட்டமோ ஆசிரியர் உரிமமோ இல்லாவிட்டால் 100 மணி நேரத்துக்குக் குறையாத டெஃபல், அதாவது ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ். மதிப்பெண் பட்டியல், இரண்டு பரிந்துரைக் கடிதம், புகைப்படம், விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை, ஒரு மாதிரிப் பாடத்திட்டம். பரிந்துரைக் கடிதம் சித்தப்பாவிடம் வாங்க முடியாது, பேராசிரியரோ மேலாளரோ எழுத வேண்டும், கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் எளிது. நம்மை உண்மையில் அலைக்கழிப்பவை இரண்டே பத்திரங்கள்: பட்டச் சான்றிதழ் நகலும் குற்றப் பின்னணி அறிக்கையும். இரண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும்.

குற்ற அறிக்கை நாடு தழுவியதாக இருக்க வேண்டும். கனடாவில் ஆர்.சி.எம்.பி., அமெரிக்காவில் எஃப்.பி.ஐ., பிரிட்டனில் ஏக்ரோ. உள்ளூர் பொலிஸ் நிலையத்தில் வாங்கும் துண்டுச் சீட்டு செல்லாது. விசாவுக்குக் கொடுக்கும்போது அது ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால் மிக முன்கூட்டியும் எடுக்க முடியாது, பின்போட்டாலும் ஆபத்து. முன்பெல்லாம் இது கட்டாயமாக இருக்கவில்லை. 2007இல், கொரியாவில் ஆசிரியராக இருந்த ஒரு கனடியர் குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்ததாகத் தாய்லாந்தில் கைதானார். அதன் பிறகுதான் இந்தக் கெடுபிடி வந்தது. பள்ளிக்குள் விடும் ஆளைப் பற்றி விசாரிப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அமெரிக்காவில் இருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு: எஃப்.பி.ஐ. அறிக்கை மத்திய அரசின் பத்திரம், ஆகவே அதற்கு வாஷிங்டனில் வெளியுறவுத் துறைதான் அப்போஸ்டில் தர வேண்டும். மாநில அலுவலகத்தில் முத்திரை வாங்கிவந்தால் திருப்பி அனுப்புவார்கள். பட்ட நகலுக்கு நோட்டரி செய்த மாநிலத்தின் அப்போஸ்டில். கனடா 2024 ஜனவரி 11 முதல்தான் அப்போஸ்டில் நாடானது. எங்கள் காலத்தில் டொரொன்டோவில் உள்ள கொரியத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று சான்று வாங்கினோம், பழைய வழிகாட்டிகளில் அதுதான் இருக்கும். இப்போது எந்தப் பத்திரம் மாகாண அரசுக்கு, எது ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுக்கு என்று அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு நம்மவர் பிரச்சினை, பெயர். பட்டத்தில் தகப்பன் பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால், பொலிஸ் அறிக்கையில் ஒரு எழுத்துக் குறைவு. இருபத்துமூன்று ஆங்கில எழுத்துள்ள பெயரைக் கொரியக் குடிவரவு அதிகாரியின் பெட்டிக்குள் அடக்குவது தனிக் கலை. எல்லாப் பத்திரத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து, அதே வரிசை இருக்கட்டும். மாற்ற வேண்டியது இருந்தால் முதலிலேயே மாற்றுங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

கொரியப் பள்ளியாண்டு மார்ச் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது, இரண்டாம் பருவம் ஆகஸ்ட் கடைசியில். மார்ச்சில் போக முந்தைய ஆகஸ்ட் வாக்கில் விண்ணப்பம் திறக்கும். ஆகஸ்டில் போக அதே வருடம் பிப்ரவரி வாக்கில். விண்ணப்பம் திறக்கும் வரை காத்திருந்து பத்திரம் சேர்க்கத் தொடங்கினால் பிந்திவிடும். டெஃபல் வகுப்பை அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். நேர்காணலில் தேறியவர்களில், பத்திரங்களை முதலில் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்ப்பவர்களுக்குத்தான் விரும்பிய இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

நேர்காணல் கடினமா?

அரை மணி நேரத்துக்குள் முடியும் வீடியோ உரையாடல். ஏன் கொரியா, உடன் கற்பிக்கும் ஆசிரியரோடு கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள், ஒரு பாடத்தை எப்படி நடத்துவீர்கள் என்பவைதான் கேள்விகள். சட்டை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்துப் பேசுங்கள். கே-பாப் பிடிக்கும் என்பதை ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சியோல் கிடைக்குமா?

எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். விருப்பம் கேட்பார்கள், உறுதி தர மாட்டார்கள். அரசுப் பள்ளி இடங்களில் பெரும்பகுதி தொடக்கப் பள்ளிகள், மாகாணம் என்று எழுதினால் சிற்றூர் வரலாம். சிற்றூரில் ஒரே ஆசிரியரை இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பகிர்வதும் சாதாரணம். எனக்குத் திங்கள் முதல் புதன் வரை ஒரு பள்ளி, மற்ற இரண்டு நாள் மலைக்கு அந்தப் பக்கம் மொத்தமே முப்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளி. பேருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. அப்படிப் போவதற்குத் தனிப் படி உண்டு.

முதல் மாதம் அழுதேன். பிறகு அந்த முப்பது பேரைத்தான் அதிகம் பிடித்தது.

சம்பளம் எவ்வளவு?

கொரியர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுவார்கள், அதை "மான்" என்பார்கள். நாம் லட்சத்தில் நினைப்பதுபோல. புதிதாகப் போகும் ஒருவருக்கு மாதச் சம்பளம் 20 லட்சம் வொன்னுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கும். ஆசிரியர் உரிமம், முதுகலை, அனுபவம் இருந்தால் படிப்படியாக ஏறும். வாடகையில்லாத ஒற்றையறை வீடு தருவார்கள், அல்லது வாடகைப் படி. மின்சாரம், எரிவாயு, கட்டடப் பராமரிப்புக் கட்டணம் உங்கள் பொறுப்பு. தரைக்கடியில் சூடாக்கும் ஓண்டல் குளிர்காலத்தில் சொர்க்கம், ஆனால் ஜனவரி எரிவாயு பில்லைப் பார்த்தால் கண்ணைக் கட்டும்.

வருவதற்கு 13 லட்சம் வொன், ஒப்பந்தம் முடித்துத் திரும்புவதற்கு இன்னொரு 13 லட்சம், குடியமரும் செலவுக்கு 3 லட்சம் என்பது எபிக் ஒப்பந்தத்தில் நெடுங்காலமாக இருக்கும் ஏற்பாடு. டிக்கெட்டை முதலில் நீங்கள் வாங்க வேண்டும், பணம் பிறகு வரும். முதல் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால் கையில் ஆயிரம் டாலருக்கு மேல் வைத்துக்கொண்டு போங்கள்.

வரி, ஓய்வூதியம்?

இது பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறும். ஓய்வூதியத்துக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்து, வேலை தருபவரும் அதே அளவு போடுவார். 2025 வரை அது 4.5 சதவீதமாக இருந்தது. 2026 முதல் இந்த வீதம் வருடாவருடம் கொஞ்சம் ஏறும்படி சட்டம் மாற்றியிருக்கிறார்கள். நாட்டை விட்டுப் போகும்போது கனடியர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் இரண்டு பங்கையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குத் திரும்பக் கிடைக்காது. தென்னாப்பிரிக்கரிடம் பிடிப்பதே இல்லை. வரியில் கணக்கு வேறு: அமெரிக்காவிலிருந்து போகும் அரசுப் பள்ளி ஆசிரியர், தான் அங்கே வரி வதிவிடம் உள்ளவர் என்று காட்டும் 6166 என்ற படிவத்தைக் கொண்டுபோனால் இரண்டு வருடம் கொரிய வருமான வரி இல்லை, கனடியருக்கு அந்தச் சலுகை இல்லை. பக்கத்து ஊர் அமெரிக்கரின் சம்பளச் சீட்டைப் பார்த்து நான் வயிறெரிந்தது உண்டு.

கறுப்பாக இருந்தால் எடுக்க மாட்டார்களா?

அம்மாமார் மெதுவான குரலில் கேட்கும் கேள்வி இது. விண்ணப்பத்திலேயே புகைப்படம் ஒட்டச் சொல்லும் நாடு, ஆகவே நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியார் நிலையங்களில் பெற்றோருக்குக் காட்டுவதற்கு வெள்ளை முகம் தேடுவது பலருக்குத் தெரிந்த விஷயம். படம் அனுப்பியதும் இரண்டு இடங்களிலிருந்து தொடர்பு அறுந்த தமிழ்ப் பெண் ஒருவரை எனக்குத் தெரியும். எபிக்கில் தாளும் நேர்காணலும்தான் அதிகம் பேசுகின்றன. என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள்.

பள்ளியில் பிள்ளைகள் என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். "டீச்சர், ஆப்பிரிக்காவா?" என்றார்கள். "கனடா" என்றேன். "பொய்" என்றார்கள். ஒரு வாரம் தமிழ் எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வீட்டில் நானும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவேன் என்றதும் வகுப்பே கூச்சல். கொரியனிலும் குழந்தைகள் அப்பா, ஒம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் ஒருவரே வகுப்பை நடத்த வேண்டுமா?

ஒரு கொரிய ஆசிரியர் கூட இருப்பார். உங்களை "வொனொமின் ஸொன்ஸேங்நிம்" என்பார்கள், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஆசிரியர் என்று பொருள். சிலர் உண்மையாகவே சேர்ந்து நடத்துவார்கள். சிலர் பின்னால் உட்கார்ந்து தாள் திருத்துவார்கள். சிலர் உங்களை ஒலிப்பதிவுக் கருவியாக மட்டும் பயன்படுத்துவார்கள், "ரிப்பீட் ஆஃப்டர் டீச்சர்." வீடு, வங்கி, வெளிநாட்டவர் பதிவு அட்டை, பல் வலி என்று உங்கள் முதல் மாதம் முழுக்க அந்த ஆசிரியர் தலையில்தான் விழும், பல சமயம் அவர் கேட்காமலே. ஒரு நல்ல பிஸ்கட் டப்பா கொண்டுபோங்கள்.

விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் இல்லாத பள்ளியில் மேசைக்கு முன்னால் வெறுமனே உட்கார வேண்டிய நாட்கள் வரும். நான் அதில் கொரிய எழுத்துப் படித்தேன்.

பிடிக்கவில்லை என்றால் பாதியில் வரலாமா?

வரலாம். முதல் ஆறு மாதத்துக்குள் விட்டால் வருவதற்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இ-2 விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது, நினைத்தபடி அடுத்த இடத்துக்குத் தாவ முடியாது, விடுவிப்புக் கடிதம் வேண்டும். பள்ளியில் பிரச்சினை என்றால் கூட இருக்கும் ஆசிரியர், பிறகு கல்வி அலுவலகத்தில் உங்களுக்கான ஒருங்கிணைப்பாளர் என்ற வரிசையில் பேசுங்கள். ரெக்ரூட்டரைக் கூப்பிட்டால் அனுதாபம் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து அவருடையது இல்லையே.

சைவமாக இருந்தால் சமாளிக்க முடியுமா?

நான் மீன் சாப்பிடுவேன், ஆகவே பாதி சாட்சிதான். பள்ளியில் மதிய உணவு எல்லோருக்கும் ஒன்றே. கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும், தெளிவாகத் தெரியும் ரசம் பெரும்பாலும் நெத்தலி வேகவைத்த தண்ணீர். "இறைச்சி இல்லை" என்று அவர்கள் சொன்னால் மாட்டுத் துண்டு மிதக்கவில்லை என்றுதான் அர்த்தம். இறைச்சி சாப்பிடாத என் நண்பர் சோறு, கீரை, தோஃபு, கடல்பாசி என்று ஓட்டினார். சமையல்கார அம்மா ஒருவர் மனமிரங்கி அவருக்கு மட்டும் தினமும் ஒரு முட்டை பொரித்து வைப்பார். முட்டையும் சாப்பிட மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வருட முடிவு வரை தைரியம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த மூன்றாம் வகுப்புப் பையன் அதைச் சாப்பிட்டு நன்றாகக் கொழுத்தான்.

வீட்டுச் சமையலுக்குப் பருப்பும் மசாலாவும் இணையத்தில் வாங்கலாம். பாஸ்மதிக்கு சியோலின் இத்தேவொன் பகுதியில் கடைகள் உண்டு. பெருங்காயமும் நல்ல மிளகாய்த் தூளும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், ஆனால் இரண்டு பைக்குள் கட்டுங்கள். என் பெருங்காய டப்பா பெட்டிக்குள் திறந்துகொண்டு, பயிற்சி முகாமில் என் அறைத்தோழருக்கு முதல் இரவே தமிழர் பண்பாடு அறிமுகமாகிவிட்டது.